ஊழல் கேஸ்ல பேர் சேர்த்துட்டாங்களா? ஹைகோர்ட்ல குவாஷ் போடப் போறவங்களுக்கு ஒரு வழிகாட்டி

எங்க குடும்பத்துல ஒருத்தர் தானிய மொத்த வியாபாரம் பண்றவர். அரசு கொள்முதல்ல முறைகேடுன்னு சொல்லி அதிகாரிங்க சில பேரு, வியாபாரிங்க சில பேருன்னு ஒட்டுமொத்தமா ஊழல் தடுப்புச் சட்டத்துல கேஸ் போட்டப்ப அவர் பேரும் உள்ள போயிடுச்சு. வக்கீல் ஆபீஸ், கோர்ட், ஜெராக்ஸ் கடைன்னு அலைஞ்சது நான்தான். ஆளாளுக்கு ஒன்னு சொன்னாங்க, ஒருத்தர் குவாஷ் (கேஸையே ரத்து பண்ண சொல்லி ஹைகோர்ட்ல போடற மனு) போட்டா ஒரே மாசத்துல முடிஞ்சிடும்னாரு, இன்னொருத்தர் ஊழல் கேஸை குவாஷே பண்ண மாட்டாங்கன்னாரு, ரெண்டுமே உண்மை இல்ல. அந்த அலைச்சல் வேற யாருக்கும் வேணாம்னுதான் வரிசையா எழுதறேன்.

நிஜமாவே லஞ்சம் வாங்கினவங்க, கொடுத்து காரியம் சாதிச்சவங்க தப்பிக்க இதுல ஒன்னும் இல்ல. ஃபைல்ல கையெழுத்து போட்டாங்க, சரக்கு சப்ளை பண்ணாங்க, அதுக்காக மட்டும் லிஸ்ட்ல இழுத்து விடப்பட்டவங்களுக்குத்தான் இது. நான் வக்கீல் இல்ல. வக்கீல்கிட்ட போய் உக்காரும்போது என்ன கேக்கணும், என்ன கொண்டு போகணும்னு தெரிஞ்சிருந்தா பாதி கஷ்டம் குறையும்.

முக்கியமா ஒன்னை மட்டும் மனசுல வெச்சுக்கோங்க. குவாஷ் பெட்டிஷன்ல நீங்க நல்லவர்னு நிரூபிக்கற வேலை கிடையாது. போலீஸ் சொல்றதை அப்படியே உண்மைன்னு எடுத்துக்கிட்டாலும் உங்க மேல குற்றம் வருதா இல்லையா, அதைத்தான் ஹைகோர்ட் பாக்கும். அதனால தேட வேண்டியது அவங்க பேப்பர்ல, உங்க மனசுல இல்ல.

1. இப்ப எந்த ஸ்டேஜ்ல நிக்கறீங்க?

தமிழ்நாட்டுல மாநில அரசு ஊழியர்னா லஞ்ச ஒழிப்புத்துறை, மத்திய அரசு ஆபீஸ், தேசிய வங்கி, மத்திய பொதுத்துறை நிறுவனம்னா பெரும்பாலும் சிபிஐ. ரெண்டுலயும் பயணம் ஒன்னுதான்: ஆரம்பகட்ட விசாரணை, எஃப்ஐஆர், புலன் விசாரணை, சார்ஜ்ஷீட் (குற்றப்பத்திரிகை), கோர்ட் அதை ஏத்துக்கறது, சார்ஜ் ஃப்ரேம் (கோர்ட் குற்றச்சாட்டை பதிவு பண்றது), அப்புறம் சாட்சி விசாரணை. வியாபாரி தனியா மாஜிஸ்ட்ரேட் கோர்ட்டுக்கு போக மாட்டார், அதிகாரியோட சேர்த்து ஊழல் கேஸுக்கான அதே ஸ்பெஷல் கோர்ட்லதான் விசாரிப்பாங்க.

கையில ஒரு நோட்டீஸ் வந்திருந்தா அது எந்தப் பிரிவுல வந்திருக்குன்னு முதல்ல பாருங்க. 2024 ஜூலை 1ல இருந்து பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டமான சிஆர்பிசி போய் அதுக்கு பதிலா பிஎன்எஸ்எஸ் வந்துடுச்சு. அதுல 179னா சாட்சியா கூப்பிடறாங்க, 94னா டாக்குமெண்ட் கேக்கறாங்க, 35(3)னா உங்களை சந்தேக நபரா வெச்சு ஆஜராக சொல்றாங்க. சாட்சிதானேன்னு கவனிக்காம போய் பேசிட்டு வந்தவங்க பேர் பின்னாடி குற்றவாளி லிஸ்ட்ல வர்றதும் உண்டு. அதே சமயம் நோட்டீஸை கண்டுக்காம வீட்ல உக்காந்தா அதையே கைதுக்கு காரணமா காட்டுவாங்க. போங்க, ஆனா வக்கீல்கிட்ட பேசிட்டு போங்க, டாக்குமெண்ட் கொடுத்தா லிஸ்ட் போட்டு ரெண்டு காப்பி எடுத்து ஒன்னுல கையெழுத்தும் தேதியும் வாங்கிடுங்க.

2. எஃப்ஐஆர் காப்பி கையில வரணும்

டிவில சொன்னது, பேப்பர்ல வந்தது, பக்கத்து கடைக்காரர் சொன்னது எதுவும் உதவாது. எஃப்ஐஆரை 24 மணி நேரத்துல வெப்சைட்ல ஏத்தணும்னு 2016ல யூத் பார் அசோசியேஷன் கேஸ்ல உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கு, ஆனா சென்சிடிவ்னு கருதற கேஸ்களுக்கு விலக்கும் கொடுத்திருக்கு. ஆன்லைன்ல இல்லன்னா ஸ்பெஷல் கோர்ட்லயே சர்டிஃபைடு காப்பிக்கு மனு போடுங்க. குற்றம் சாட்டப்பட்டவர் சார்பா கேட்டா ரெண்டு வேலை நாள்ல கொடுக்கணும்னு அதே தீர்ப்புல இருக்கு, அந்த வரியை மனுவுல எழுதுங்க.

கிடைச்சதும் மூணு தேதியை வட்டம் போடுங்க: சம்பவம் நடந்ததா சொல்ற தேதி, புகார் வந்த தேதி, எஃப்ஐஆர் போட்ட தேதி. ஊழல் தடுப்புச் சட்டம் 2018 ஜூலை 26ல பெரிய அளவுல மாறிச்சு. அதுக்கு முன்னாடி நடந்த விஷயத்துக்கு பதவியை தவறா பயன்படுத்தினதுக்கான பழைய 13(1)(டி) வரும், அதுக்கு அப்புறம் நடந்ததுக்கு அந்தப் பிரிவே சட்டத்துல இல்ல. அதே மாதிரி 2024 ஜூலை 1க்கு முன்னாடி நடந்ததுக்கு பழைய தண்டனைச் சட்டமான ஐபிசி, அப்புறம் நடந்ததுக்கு புது தண்டனைச் சட்டமான பிஎன்எஸ். தேதி மாறினா பிரிவு மாறும், பிரிவு மாறினா உங்க வாதமே மாறும்.

3. முன்ஜாமீனும் குவாஷும் வேற வேற, நம்பர்ல ஏமாறாதீங்க

இது நிறைய பேர் குழம்பற இடம். பழைய சிஆர்பிசில குவாஷுக்கு 482. புது பிஎன்எஸ்எஸ்ல 482னா முன்ஜாமீன்! குவாஷ் இப்ப 528. நெட்ல பழைய கட்டுரை படிச்சுட்டு 482 போடுங்க சார்னு சொன்னா கேக்கறவர் முன்ஜாமீன்னு எடுத்துப்பார்.

கைது பயம் இருந்தா முதல் வேலை முன்ஜாமீன்தான். குவாஷ் போட்டிருக்கோம், அதுனால கைது பண்ண மாட்டாங்கன்னு நம்பாதீங்க. குவாஷ் பெண்டிங்ல இருக்கும்போது கைது பண்ணக் கூடாதுன்னு இடைக்கால உத்தரவு வழக்கமா கொடுக்கக் கூடாதுன்னு 2021ல நீஹாரிகா கேஸ்ல உச்ச நீதிமன்றம் தெளிவாவே சொல்லிடுச்சு. அரசு ஊழியருக்கு இது இன்னும் அவசரம், ஏன்னா 48 மணி நேரத்துக்கு மேல காவல்ல இருந்தா தமிழ்நாடு விதிகள்படி தானாவே சஸ்பெண்ட் ஆன மாதிரி ஆயிடும்.

ஒருவேளை கைது ஆயிட்டா 60 நாள் கணக்கை வீட்ல யாராவது ஒருத்தர் எழுதி வைங்க. ஊழல் தடுப்புச் சட்டப் பிரிவு 7க்கு (அரசு ஊழியர் லஞ்சம் வாங்கறது) 3ல இருந்து 7 வருஷம், 13(2)க்கு (அரசு ஊழியரோட குற்ற நடத்தை) 4ல இருந்து 10 வருஷம்தான் தண்டனை, இது ரெண்டு மட்டும்னா 60 நாளுக்குள்ள சார்ஜ்ஷீட் வரலேன்னா ஜாமீன் உரிமையாவே கிடைக்கும்னு 2017ல ராகேஷ் குமார் பால் கேஸ்ல முடிவு ஆச்சு. புது சட்டத்துல வார்த்தை கொஞ்சம் வேற, அதனால உங்க பிரிவுகளுக்கு 60ஆ 90ஆன்னு வக்கீலை உறுதி பண்ண சொல்லுங்க. அரசு ஊழியர் நம்பிக்கை மோசடி பிரிவு, அதாவது பழைய 409, சேர்த்திருந்தா 90 நாள்.

4. எந்தப் பிரிவு உங்க மேல, அது உங்களுக்கு பொருந்துமா

வியாபாரி மேல பிரிவு 7 நேரா வராது, அது அரசு ஊழியருக்கானது. வியாபாரிக்கு வர்றது பிரிவு 8, லஞ்சம் கொடுத்தது. கம்பெனியா இருந்தா 9, கம்பெனியை நடத்தறவருக்கு 10. தூண்டினது, உடந்தையா இருந்ததுன்னா 12. இதோட கூட்டுச்சதி, அதாவது பழைய 120பி, இப்ப பிஎன்எஸ் 61. ஏமாத்தினது, பழைய 420, இப்ப 318(4). போலி பில்னு சொன்னா அதுக்கு தனி பிரிவுகள். அதிகாரி வற்புறுத்திதான் கொடுத்தேன்னா 7 நாளைக்குள்ள புகார் கொடுத்திருந்தா பிரிவு 8ல இருந்து விலக்கு இருக்கு, அந்த 7 நாளை விட்டவங்க நிறைய.

பெரும்பாலான வியாபாரிங்க உள்ள வர்ற கதவு கூட்டுச்சதிதான். அதிகாரி விதியை மீறினார், அதுல வியாபாரிக்கு லாபம் வந்துச்சு, ஆக ரெண்டு பேரும் பேசி வெச்சுதான் பண்ணாங்கன்னு ஒரே மூச்சுல எழுதிடுவாங்க. லாபம் வந்ததும் சதி பண்ணதும் ஒன்னு இல்ல. 2012ல சிபிஐ எதிர் நாராயண ராவ் கேஸ்ல, பேங்க் பேனல் வக்கீலா சட்டக் கருத்து கொடுத்தவரை சதில சேர்த்திருந்தாங்க, சதிக்கு அவரை இணைக்கற ஆதாரம் இல்லன்னு ஹைகோர்ட் அவர் மேல இருந்த கேஸை ரத்து பண்ணதை உச்ச நீதிமன்றம் சரின்னு சொல்லிச்சு. அதிகாரியோட சேர்ந்து வெளியாள் ஒருத்தரை இழுக்கற எல்லா கேஸுக்கும் இது படிக்க வேண்டிய தீர்ப்பு.

5. நோட்டுல கட்டம் போடுங்க

எங்களுக்கு உண்மையிலேயே உதவினது இதுதான், காசும் செலவு இல்ல. நீளமான நோட்டு ஒன்னு எடுத்து அஞ்சு கட்டம்: யாரு, என்ன செஞ்சதா சொல்றாங்க, என்னைக்கு, எந்த டாக்குமெண்ட், எந்த சாட்சி. சார்ஜ்ஷீட்டை முதல் பக்கத்துல இருந்து படிச்சு ஏ1ல (முதல் எதிரி) ஆரம்பிச்சு எல்லாருக்கும் நிரப்புங்க. சார்ஜ்ஷீட்டோட சாட்சி லிஸ்ட், டாக்குமெண்ட் லிஸ்ட் இருக்கும், சாட்சிங்க போலீஸ்கிட்ட சொன்ன ஸ்டேட்மென்ட் இருக்கும், அது மொத்தமும் படிக்கணும், வேற வழி இல்ல.

எங்க ஆளுக்கு அந்த வரிசையை நிரப்பினப்ப முதல் ரெண்டு கட்டம் நிறைஞ்சுது, அடுத்தது எல்லாம் காலியா நின்னுச்சு. "மற்ற எதிரிகளுடன் சேர்ந்து" அப்படிங்கற ஒரே வாக்கியம் திரும்பத் திரும்ப வருது, என்னைக்கு எங்க பேசினாங்கன்னு ஒரு வரி கிடையாது. ஒரு சாட்சி மட்டும் அவர் பேரை சொல்லியிருக்கார், அதுவும் லாரில மூட்டை வந்துச்சுன்னு. அந்த லாரியோட எடைச்சீட்டு அவங்க டாக்குமெண்ட் லிஸ்ட்லயே இருக்கு, குடோன் ரசீதுல இருக்கற எடையும் அதுவும் கிலோ சுத்தமா ஒத்துப்போகுது. சரக்கே வரலைன்னு சொல்ற கேஸ்ல சரக்கு வந்ததுக்கான சீட்டு அவங்க கட்டுலயே இருந்துச்சு! வக்கீல் பெட்டிஷன்ல முதல் பாயிண்டா வெச்சது அதைத்தான்.

காலியா இருக்கற கட்டம்தான் உங்க பெட்டிஷன். நிறைஞ்சு இருக்கற கட்டத்தை பாத்து பயந்து மறைக்காதீங்க, அதையும் வக்கீல்கிட்ட காட்டுங்க, அரசு தரப்பு வக்கீல் முதல்ல அதைத்தான் எடுத்து வாசிப்பார்.

6. எந்தக் காரணம் நிக்கும், எது நிக்காது

எல்லாத்துக்கும் அடிப்படை 1990ல வந்து, 1992 சட்ட அறிக்கைல வெளியான பஜன்லால் தீர்ப்பு. எந்தெந்த மாதிரி கேஸை ரத்து பண்ணலாம்னு ஏழு வகை சொல்லியிருக்கு. நம்ம மாதிரி ஆளுங்களுக்கு அதிகமா பொருந்தறது ரெண்டு: எஃப்ஐஆர்ல சொன்னதை முழுசா ஏத்துக்கிட்டாலும் குற்றம் வரல, இல்லன்னா சட்டமே கேஸ் நடத்த தடை போட்டிருக்கு. பழிவாங்கற நோக்கம்னு ஒரு வகையும் இருக்கு, அதை மட்டும் நம்பி போனா பெருசா நிக்காது, எல்லாரும் அதைத்தான் சொல்றாங்க.

சட்டத் தடைன்னா அரசு ஊழியருக்கு ரெண்டு கேள்வி. ஒன்னு ஊழல் தடுப்புச் சட்டப் பிரிவு 17ஏ. அதிகாரி தன் வேலைல எடுத்த முடிவு, பண்ண சிபாரிசு சம்பந்தமா விசாரிக்கணும்னா விசாரணைக்கு முன்னாடியே அரசு அனுமதி வாங்கணும். கையும் களவுமா பிடிச்ச ட்ராப் கேஸுக்கு இது தேவையில்ல, அதனால ட்ராப் கேஸ்ல 17ஏன்னு ஆரம்பிக்காதீங்க. 2018க்கு முன்னாடி நடந்த விஷயத்துக்கு 17ஏ பொருந்துமாங்கறதுல சந்திரபாபு நாயுடு கேஸ்ல 2024 ஜனவரில ரெண்டு நீதிபதிங்க ரெண்டு விதமா தீர்ப்பு எழுதினாங்க, அந்தப் பிரிவு செல்லுமாங்கறதே உச்ச நீதிமன்றத்துக்கு போன கேள்வி, ஆக பெட்டிஷன் போடற அன்னைக்கு நிலைமை என்னன்னு வக்கீல் பாத்தே ஆகணும்.

இன்னொன்னு பிரிவு 19 சாங்ஷன், அதாவது வழக்கு நடத்த அனுமதி. கோர்ட் கேஸை எடுத்துக்கறதுக்கு முன்னாடி வாங்க வேண்டியது, 2018 திருத்தத்துக்கு அப்புறம் ரிடையர் ஆனவருக்கும் வேணும். சாங்ஷனே இல்லன்னா ஆரம்பத்துலயே எழுப்பலாம். சாங்ஷன் இருக்கு, ஆனா கொடுத்தவர் ஃபைலை படிக்கவே இல்ல, யோசிக்காம கையெழுத்து போட்டார்னா அதை விசாரணைல சாட்சியை விசாரிக்கும்போது பாத்துக்கோன்னு சொல்லிடுவாங்க, 2012ல தினேஷ் குமார் கேஸ்ல இந்த வித்தியாசத்தை உச்ச நீதிமன்றம் பிரிச்சே காட்டியிருக்கு. வியாபாரிங்க கவனிக்க வேண்டியது, தனியாருக்கு சாங்ஷன் தேவையே இல்ல. என் மேல சாங்ஷன் வாங்கலன்னு வாதாட முடியாது.

துறை விசாரணைல விடுதலை ஆயிட்டேனேன்னு கேப்பீங்க. அதே குற்றச்சாட்டு, அதே ஆதாரம், விசாரிச்சு தப்பே நடக்கலன்னு முடிவு ஆகியிருந்தா 2011 ராதேஷ்யாம் கேஜ்ரிவால் தீர்ப்பும் 2020 ஆஷு சுரேந்திரநாத் திவாரி தீர்ப்பும் நல்லா உதவும். ஆதாரம் பத்தாதுன்னு டெக்னிக்கலா விட்டிருந்தா உதவாது. துறைல விட்டா கேஸும் தானா போயிடாதுன்னு 2012ல அஜய் குமார் தியாகி கேஸ்ல சொல்லியிருக்கு, அரசு தரப்பு அதைத் தூக்கிட்டு வரும், தயாரா இருங்க.

உங்க பக்க டாக்குமெண்டை குவாஷ்ல காட்டலாமான்னா, யாரும் மறுக்க முடியாத தரத்துல இருந்தா காட்டலாம், 2013 ராஜீவ் தாப்பர் தீர்ப்பு அதுக்கு வழி சொல்லுது. அரசாங்கமே கொடுத்த ரசீது, பேங்க் சர்டிஃபை பண்ண ஸ்டேட்மென்ட், ஜிஎஸ்டி ரிட்டர்ன் இதெல்லாம் பரவாயில்ல. கடை நோட்டுல நீங்களே எழுதின கணக்கு, தெரிஞ்சவர் கொடுத்த அஃபிடவிட் எல்லாம் விசாரணைல பாத்துக்கலாம்னு ஒதுக்கிடுவாங்க.

நிக்காத காரணங்களையும் சொல்லிடறேன். புகார்தாரரோட சமாதானம் ஆயிட்டோம், ரத்து பண்ணுங்கன்னா நடக்காது, ஊழல் தடுப்புச் சட்டக் குற்றத்துக்கு சமரசம் கிடையாதுன்னு 2012 கியான் சிங் தீர்ப்புல இருக்கு. ஆரம்பகட்ட விசாரணை நடத்தாம எஃப்ஐஆர் போட்டுட்டாங்கன்னா, நடத்தறது நல்லதுதான், ஆனா அது கட்டாயம் இல்லன்னு 2025ல கூட உச்ச நீதிமன்றம் சொல்லிச்சு. புகார்தாரர் பிறழ் சாட்சி ஆயிடுவார்ங்கற நம்பிக்கையும் வேணாம், லஞ்சம் கேட்டதை சூழ்நிலை ஆதாரத்தை வெச்சே நிரூபிக்கலாம்னு 2022 டிசம்பர்ல நீரஜ் தத்தா கேஸ்ல அஞ்சு நீதிபதிங்க சொல்லிட்டாங்க. ட்ராப் கேஸ்ல பவுடர் தடவின நோட்டு கையில பிடிபட்டிருந்தா குவாஷ்ல காசை போடறதை விட விசாரணைக்கு நல்ல வக்கீலை பிடிங்கன்னுதான் சொல்லுவேன்.

7. எஃப்ஐஆர்லயேவா, சார்ஜ்ஷீட் வந்த பிறகா?

எஃப்ஐஆர் ஸ்டேஜ்ல போட்டா, விசாரணை நடக்கட்டும்னு சொல்லி தள்ளுபடி ஆகற வாய்ப்பு அதிகம். சட்டத் தடை பளிச்சுன்னு தெரிஞ்சா மட்டும் அப்ப போடுங்க. ஆதாரமே இல்லங்கறது வாதம்னா சார்ஜ்ஷீட் வரட்டும், அப்பதான் காலி கட்டம் எது எதுன்னு காட்ட முடியும். சார்ஜ்ஷீட் வந்துட்டா குவாஷ் போட முடியாதுன்னு சொல்றவங்களை நம்பாதீங்க, போடலாம்னு 2018ல ஆனந்த் குமார் மொஹத்தா கேஸ்ல சொல்லியாச்சு.

ஏன் அவசரப்படக் கூடாதுன்னா, முதல் பெட்டிஷன்ல சொல்லியிருக்கலாம்னு இருந்த காரணத்தை விட்டுட்டு அதுக்காக ரெண்டாவது பெட்டிஷன் போட முடியாது, 2023 பீஷம் லால் வர்மா தீர்ப்பு. இருக்கற எல்லா காரணமும் ஒரே பெட்டிஷன்ல வரணும். ஜட்ஜ் மனசு இல்லன்னு தெரிஞ்சா, டிஸ்சார்ஜ் கேக்க உரிமையோட வாபஸ் வாங்கிக்கறோம்னு சொல்லி அந்த வார்த்தை ஆர்டர்ல வர்ற மாதிரி வக்கீலை கேக்க சொல்லுங்க.

டிஸ்சார்ஜ் பத்தி கட்டாயம் தெரிஞ்சுக்கோங்க. அதே ஸ்பெஷல் கோர்ட்ல, சார்ஜ் ஃப்ரேம் ஆகறதுக்கு முன்னாடி என்னை விடுவிங்கன்னு கேக்கறது. பிஎன்எஸ்எஸ் 262படி கேஸ் காப்பி கொடுத்த நாள்ல இருந்து 60 நாளுக்குள்ள போடணும். பழைய சட்டத்துல இந்தக் கெடு கிடையாது, அதனால பழைய வக்கீல்ங்களே சில பேர் மறந்துடறாங்க. ஹைகோர்ட்ல குவாஷ் நிக்குதேன்னு இந்த 60 நாளை விட்டுடாதீங்க. காப்பி வாங்கினப்ப கையெழுத்து போட்ட தேதியை போன் காலண்டர்ல போட்டு வைங்க.

8. கட்டு தயார் பண்றது, ஃபைல் பண்றது

மதுரை, திருநெல்வேலி, கன்னியாகுமரில இருந்து திருச்சி, தஞ்சாவூர், புதுக்கோட்டை, கரூர் வரைக்கும் தென் மாவட்டக் கேஸுன்னா மதுரைக் கிளை, மத்தது சென்னை. கேஸ் நம்பர் கிரிமினல் ஓபின்னு வரும், அதோட ஸ்டே, ஆஜர் விலக்கு கேட்டு போடற சின்ன மனுவுக்கு கிரிமினல் எம்பின்னு வரும்.

தேவைப்படறது இதுதான்: வக்காலத்து, பெட்டிஷன், எஃப்ஐஆர் காப்பி, சார்ஜ்ஷீட் காப்பி, சாங்ஷன் ஆர்டர், உங்க பேர் வர்ற ஸ்டேட்மென்ட், நீங்க நம்பற டாக்குமெண்ட், எல்லாம் சேர்த்து பக்க நம்பர் போட்ட டைப் செட். வியாபாரியா இருந்தா வொர்க் ஆர்டர், டெண்டர் பேப்பர், இன்வாய்ஸ், டெலிவரி சலான், எடைச்சீட்டு, பேங்க் ஸ்டேட்மென்ட் சம்பவ காலத்துக்கு முன்னாடி பின்னாடி சேர்த்து எடுங்க. அரசு ஊழியரா இருந்தா அந்த ஃபைல்ல யார் யார் குறிப்பு எழுதினாங்க, உங்க அதிகார வரம்பு என்னன்னு காட்டற ஆர்டர். ஃபைல் கையில இல்லன்னா ஆர்டிஐ போடுங்க, 10 ரூபா, 30 நாள், ஆனா இன்னைக்கே போடுங்க.

இங்கதான் நாள் வீணாகும்: தமிழ் டாக்குமெண்டுக்கு இங்கிலீஷ் மொழிபெயர்ப்பு கேப்பாங்க. மங்கலான ஜெராக்ஸ், பக்கம் விட்டுப் போனது, ஒரிஜினல் காப்பி இல்லன்னு ரெஜிஸ்ட்ரி பேப்பரை ரிட்டர்ன் பண்ணும், அதை சரி பண்ணி திரும்ப போட்டாதான் நம்பர் ஆகும். ஃபைல் பண்ணியாச்சுன்னு வக்கீல் ஆபீஸ்ல சொன்னா நம்பர் ஆயிடுச்சான்னு கேளுங்க. ரெண்டுக்கும் நடுவுல வாரக்கணக்கா போயிடும். நம்பர் வந்ததும் இ-கோர்ட்ஸ்ல நீங்களே போன்ல பாத்துக்கலாம்.

9. செலவு

கோர்ட் ஃபீஸ், காப்பி செலவெல்லாம் சின்னது. பெரிய செலவு வக்கீல் ஃபீஸ், சீனியர் வக்கீல் வெச்சா அது தனி. ஒரே தொகையா பேசாம ட்ராஃப்ட், ஃபைலிங், முதல் ஹியரிங், ஃபைனல் ஆர்க்யுமெண்ட்னு பிரிச்சு பேசுங்க, எதுக்கு எவ்வளவுன்னு வாட்ஸ்அப்ல ஒரு மெசேஜா வாங்கிடுங்க, பேங்க் வழியா கொடுங்க. மொழிபெயர்ப்பும் டைப் செட்டும் யாரும் முன்கூட்டியே சொல்லாத செலவு, கட்டு பெருசா இருந்தா அதுவே கணிசமா வரும்.

ஆள் இருக்கார், ஜட்ஜ்கிட்ட பேசி முடிச்சுத் தரேன்னு யாராவது வருவாங்க. நிச்சயமா வருவாங்க. காசு கொடுத்தீங்கன்னா இல்லாத குற்றத்துக்கு எதிரா போராடப் போய் புதுசா ஒரு நிஜக் குற்றத்தை செஞ்சுட்டீங்கன்னு அர்த்தம். கதவை சாத்துங்க.

காசில்லன்னா ஹைகோர்ட் சட்ட உதவிக் குழுகிட்ட போங்க. பெண்கள், எஸ்சி எஸ்டி, காவல்ல இருக்கறவங்க எல்லாருக்கும் வருமானம் பாக்காம இலவச வக்கீல் உண்டு, 1987 சட்டம்.

10. எவ்வளவு நாள் ஆகும், அதுவரைக்கும் கீழ்க்கோர்ட்?

குவாஷ் போட இத்தனை நாளுக்குள்ளன்னு கெடு கிடையாது. முடியறதுக்கும் கெடு கிடையாது. அரசு தரப்பு பதில் தாக்கல் பண்ண வாய்தா கேக்கும், பெஞ்ச் மாறும், லிஸ்ட்ல கடைசில வந்து அன்னைக்கு எடுக்காமலே போகும். மாசக்கணக்கு சாதாரணம், வருஷமும் ஆகலாம், வீட்ல எல்லாரையும் அதுக்கு தயார் பண்ணிடுங்க.

ஸ்டே கிடைக்கும்னு எதிர்பாக்காதீங்க. ஊழல் தடுப்புச் சட்டப் பிரிவு 19(3) ஸ்டேக்கு எதிராவே எழுதியிருக்கு. ஸ்டே இல்லாத வரைக்கும் கீழ்க்கோர்ட் வாய்தாவுக்கு போய்த்தான் ஆகணும். ஹைகோர்ட்ல கேஸ் இருக்குன்னு போகாம விட்டா வாரண்ட் வரும், அது குவாஷ்லயும் உங்க பேரை கெடுக்கும். ஒருவேளை ஸ்டே கிடைச்சிருந்தா ஆறு மாசத்துல தானா போயிடும்னு யாராவது சொன்னா அது பழைய கதை, 2018 தீர்ப்புல இருந்த அந்த விதியை 2024 பிப்ரவரி 29ல உச்ச நீதிமன்றம் எடுத்துடுச்சு.

11. பக்கத்துலயே நடக்கற மத்த தலைவலி

வியாபாரிக்கு பெரிய அடி அக்கவுண்ட் முடக்கம். பிஎன்எஸ்எஸ் 106ல முடக்குவாங்க, சிசி அக்கவுண்ட் (வியாபாரத்துக்கான கேஷ் கிரெடிட் கணக்கு) நின்னா கடை நின்னுடும். குவாஷ் முடியட்டும்னு காத்திருக்காம முடக்கத்தை நீக்க, இல்ல பிரச்சனைக்குரிய தொகையை மட்டும் நிறுத்தி வெச்சு மத்ததை விட, ஸ்பெஷல் கோர்ட்ல தனி மனு போடுங்க. லேபர் சம்பளம், ஈஎம்ஐ, ஜிஎஸ்டி கட்ட வேண்டிய தேதி எல்லாத்தையும் பட்டியலா இணைச்சா கோர்ட் காது கொடுத்து கேக்கும்.

அமலாக்கத்துறை வந்துட்டா அதுக்கு வேர் இந்த ஊழல் கேஸ்தான். மூலக் குற்றத்துல இருந்து விடுபட்டா சட்டவிரோத பணப் பரிமாற்ற கேஸும் நிக்காதுன்னு 2022 விஜய் மதன்லால் தீர்ப்புல இருக்கு. அந்த சம்மனுக்கு தனி வக்கீல் வேணும், அங்க சொல்றது இங்க திரும்பி வரும்.

அரசு ஊழியருக்கு துறை விசாரணைக்கான 17(பி) சார்ஜ் மெமோ ஒரு பக்கம் ஓடும். அதுல கொடுக்கற பதிலை ஹைகோர்ட் வக்கீல் படிக்காம அனுப்பாதீங்க, ரெண்டு இடத்துல ரெண்டு கதை இருந்தா முடிஞ்சுது. சஸ்பெண்ட்ல இருந்தா பிழைப்பூதியம் வாங்க வேற வேலை பாக்கலைன்னு சர்டிஃபிகேட் கொடுக்கணும், அதை கொடுக்காம பணம் வரலன்னு காத்திருந்தவங்களை பாத்திருக்கேன். ரிடையர்மெண்ட் நெருங்கினவங்க, கேஸ் இருந்தா ஓய்வு பெற விடாம நிறுத்தி வைக்கலாம்ங்கறதை மனசுல வெச்சு பணத் திட்டம் போடுங்க.

12. ஆர்டர் வந்த பிறகு

முதல்ல யாருக்கு ரத்து ஆச்சுன்னு படிங்க. பெட்டிஷன் போட்டவருக்கு மட்டும்னா மத்தவங்க மேல கேஸ் ஓடிக்கிட்டேதான் இருக்கும், உங்களையே சாட்சியா கூப்பிடவும் வாய்ப்பு இருக்கு. சர்டிஃபைடு காப்பி நாலஞ்சு செட் வாங்கி ஸ்பெஷல் கோர்ட், விசாரணை அதிகாரி, பேங்க், துறை, பிளாக்லிஸ்ட் பண்ண ஆபீஸ், அமலாக்கத்துறை கேஸ் இருந்தா அங்க, எல்லாத்துக்கும் ஒப்புகையோட கொடுங்க, தானா யாருக்கும் போய் சேராது. பேங்க் முடக்கத்தை எடுக்க கோர்ட் லெட்டர் தனியா கேக்கலாம், அதையும் கையோட வாங்கிடுங்க. அரசு தரப்பு உச்ச நீதிமன்றம் போக 90 நாள் இருக்கு, வக்கீல் மூலமா கேவியட் போட்டு வெச்சா உங்களை கேக்காம உத்தரவு வராது.

தள்ளுபடி ஆச்சுன்னா அதே 90 நாள் உங்களுக்கும். தள்ளுபடி ஆர்டர்ல இங்க சொன்ன எதுவும் விசாரணையை பாதிக்காதுன்னு ஒரு வரி இருக்கான்னு பாருங்க, இல்லன்னா வக்கீலை உடனே கேக்க சொல்லுங்க. 60 நாள் கெடுவுக்குள்ள டிஸ்சார்ஜ் மனு போட்டு வெச்சிருந்தீங்கன்னா அங்க இருந்து தொடரலாம், ஹைகோர்ட்டுக்கு போட்ட அதே கட்டமும் டைப் செட்டும் அப்படியே உதவும், பிரிச்சுப் போட்டுடாம பத்திரமா வைங்க.